உயரம் மட்டும் சோறு போடுமா?

திருப்போரூர்:

ஆறடிக்கு மேலே ஒரு பையன் வளர்ந்துவிட்டால் போதும், திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் அவன் நிம்மதியாக நிற்க முடியாது. "என்ன தம்பி, மேலே மழை பெய்யுதா?" என்பார் ஒருத்தர். "படிப்பை விட்டுட்டு பாஸ்கெட்பால் ஆடப் போடா, லட்ச லட்சமா கொட்டும்" என்பார் இன்னொருத்தர். முதல் ஆசாமியை மன்னித்து விடலாம். இரண்டாவது ஆசாமிதான் ஆபத்தானவர்!

சத்னம் சிங் கதை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

பஞ்சாபில் பல்லோ கே என்று ஒரு குக்கிராமம். விவசாயி மகன். உயரம் 7 அடி 2 அங்குலம். லூதியானாவில் பயிற்சி. 2010-ல், 14 வயசில், இங்கிலீஷ் சரியாகப் பேசத் தெரியாமலே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். 2015 ஜூனில் டல்லாஸ் மாவரிக்ஸ் குழு அவரை 52-வது ஆளாகப் பொறுக்கி எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவரை என்.பி.ஏ. குழு இப்படி எடுத்தது அதுதான் முதல் தடவை. பேப்பருக்கு பேப்பர் படம்!

அப்புறம்?

ஒரே ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. கீழ்மட்ட லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் குழுவில் 2 சீசன், அதிலும் பெரும்பாலும் பெஞ்சுதான். பிறகு கனடாவில் கொஞ்ச நாள். 2019-ல் ஊக்க மருந்து சோதனையில் சிக்கினார். 2020 டிசம்பரில் 2 வருஷத் தடை என்று தீர்ப்பு. 2021-ல் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

கூடைக்குக் கீழே மலை மாதிரி நின்று, பந்தைப் பிடித்து உள்ளே போடுகிறவர்தான் 'சென்டர்'. சத்னம் போய்ச் சேர்ந்த நேரம் அங்கே ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து எறிந்து 3 பாயிண்ட் எடுப்பது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவது என்று ஆகிவிட்டது. மெதுவாக நகரும் நெட்டைக்காரருக்கு வேலை குறைந்துபோனது. பாவம், அவர் என்ன செய்வார்?

சென்னைக்குத் தெரிந்த சென்டர் ஒருவர் உண்டு. கேரளத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ். தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். 2006-லேயே ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் குழுவில் ஆடப் போனார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கில் 3 குழுக்கள் கூப்பிட்டுச் சோதித்தன. எதிலும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் நடுத்தெருவில் நிற்கவில்லை. ரயில்வே உத்தியோகம் இருந்தது. 2014-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

இன்னொரு சமாசாரம். கேளம்பாக்கம் ரோட்டில் ஜிம்முக்கு ஜிம் பவுடர் டப்பா அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டால், "தெரியாமல் சாப்பிட்டேன் சார்" என்ற பேச்சு விசாரணையில் லேசில் எடுபடாது.

பஸ் ஸ்டாண்ட் அண்ணாச்சி அடுத்த தடவை நெட்டைப் பையனைப் பார்த்தால், "டிகிரியை முடிச்சியா? ரயில்வே, பேங்க் டீம் செலக்‌ஷன் எப்போன்னு விசாரிச்சியா?" என்று கேட்கட்டும். லட்சக் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.