பேரனுக்கு ஒரு சார்ஜ் நோட்டு

போன தை மாதம் என் மகள் தலைப்பிரசவத்துக்குத் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. சுகப்பிரசவம். மூன்று மாதம் இருந்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டாள். கைக்குழந்தை உள்ள வீட்டில் எது உண்மையில் உதவியது என்று எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "புள்ள வளக்கறதப் பத்தி நீங்க எழுதப் போறீங்களா?" என்றாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. பிறகு வருகிறேன்.

மாப்பிள்ளை ஆன்லைனில் என்னென்னவோ வாங்கி அனுப்பியிருந்தார். பாட்டிலைக் கொதிக்க வைக்க ஒரு மின்சாரப் பெட்டி, பாட்டுப் பாடி ஆடும் தொட்டில், குளிப்பாட்டும் தண்ணீரில் மிதக்கவிட ஒரு வெப்பமானி வாத்து. வாத்து இன்னும் எங்கள் பாத்ரூம் ஜன்னலில்தான் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் எங்களைக் காப்பாற்றியது மூலைக்கடையில் வாங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டும், அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சிலும்.

குழந்தை பிறந்து பத்து நாளுக்குள் வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பித்தது. "பால் பத்தலையோ? இப்படி வீறிடுதே!" முதலில் என் அக்கா சொன்னாள். பிறகு எதிர் வீட்டம்மா. பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துக்கொண்டே அதையே சொன்னார்கள். யாரோ மாவுப்பால் டின்னும் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். மகள் இருட்டில் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என்னால ஒண்ணுமே முடியலப்பா. இவனுக்கு வயிறு கூட ரொப்ப முடியல" என்றாள்.

எனக்குக் குழந்தை வளர்ப்பு தெரியாது. ஆனால் முப்பத்தி நாலு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்பதை நிமிஷக் கணக்கில் எழுதியே பழகியவன். டூட்டி மாறும்போது வெறும் வாய்ப்பேச்சு செல்லாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் சார்ஜ் கொடுப்போம். மறுநாள் காலை நோட்டு வாங்கி நான்கு கோடு போட்டேன். பால் கொடுத்த நேரம், நனைந்த துணி, வெளிக்குப் போனது, யார் பார்த்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எழுதவும் செய்தார்கள்.

ஐந்து நாள் கணக்கைக் கொண்டுபோய்க் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது துணி நனைந்திருந்தது. பால் பத்து தடவை. டாக்டர் குழந்தையை எடை போட்டார். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் கொஞ்சம் எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் கவலையில்லை என்றார். எங்கள் பையனுக்கு வந்திருந்தது. முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தமாம். அழுவதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கும். மாவுப்பால் டின் சீல் உடைக்காமலே கடைக்குத் திரும்பியது. அதன் பிறகு யாராவது "பால் பத்தல" என்று ஆரம்பித்தால் மகள் பதில் பேச மாட்டாள், நோட்டை எடுத்து நீட்டுவாள். எடை ஏறாமல் இருந்திருந்தால் கதை வேறு. அப்போதும் டாக்டருக்கு அந்த நோட்டுதான் முதலில் தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாவது விஷயம், ராத்திரி டூட்டி. என் வயதில் எப்படியும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குப் பேரனைப் பார்க்கலாமே. பால் கொடுப்பது மட்டும் மகள் வேலை. குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் என் சார்ஜ். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் தூக்கம் மிச்சம். வாரம் முடிவதற்குள் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் குழந்தையைத்தான் தூக்க வருகிறார்கள், அம்மாவைத் தூங்க விட ஒருவரும் இல்லை என்பது என் கட்சி.

என் மனைவியின் யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். மகள் உட்கார்ந்து பால் கொடுக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீரும், ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை உருண்டையும் வைத்தாள். குழந்தை வாய் வைத்த பிறகுதான் தாய்க்குத் தாகம் எடுக்கும், எழுந்திருக்க முடியாது. பகலில் குழந்தை தூங்குகிறதென்று வீட்டை அடக்கி வைக்க விடமாட்டாள். மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், ஜன்னல் திறந்திருக்கும். இரவில் சின்ன பல்பு, பேச்சு கிடையாது. பகல் எது, இரவு எது என்று பையன் பிடித்துக்கொண்டான். நகம் வெட்டுவது நல்ல தூக்கத்தில் மட்டும். பார்க்க வருகிறவர்களிடம் கொடியில் காய்ந்த துணியைக் கொடுத்து மடிக்கச் சொல்வாள். பாதிப் பேர் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. தூளி பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவில் சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்க வைத்தோம். தேன் தொட்டு வைப்பது, காதில் எண்ணெய் விடுவது இரண்டுக்கும் டாக்டர் தடை. இதில் அக்காவுக்கு இன்னும் என் மேல் வருத்தம்.

இப்போது அந்தச் சிரிப்பு. ஒரு நாள் விடியற்காலை நான் பேரனைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "இவ பொறந்தப்போ ஞாபகம் இருக்கா?" என்றாள். 1987. விருத்தாசலம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன், ரயில்வே குவார்ட்டர்ஸ். நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவேன். குழந்தை அழுதால் கத்துவேன். "நீங்க தூங்கணும்னு புள்ளையத் தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில உக்காந்திருப்பேன். வெயில் வந்தா எடம் மாறி மாறி உக்காருவேன். ராத்திரியும் தூக்கம் கெடையாது, பகல்லயும் கெடையாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த மரம் ஞாபகம் இருக்கிறது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இல்லை. அன்று காலை காப்பி நான் போட்டேன். அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் மகள் ஊருக்குக் கிளம்பும்போது நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, சார்ஜ் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் மகள் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தாள். இரவு இரண்டு மணி, மூன்றரை, ஐந்து. கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. அவருடையதுதான்.