நாலு தடத்தில் ஒரு மெட்டு

இசையில் நாட்டம் காட்டும் பிள்ளைக்குக் கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் ஒரு கீபோர்டு கிடைக்கும், அதைக் கற்றுக்கொள்ள வகுப்பும் கிடைக்கும். வசதியில்லாத வீட்டில் ‘பார்க்கலாம்’ என்ற பதில் கிடைக்கும். கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், கோரமண்டல் என்று சுரங்கத்தை நம்பி வளர்ந்த தமிழர் குடியிருப்புகளில் இந்த இரண்டாவது பதில்தான் வழக்கம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து, விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய் இருட்டியபின் திரும்புகிற ஊர் இது. அங்கே இசை வகுப்புக்குக் காசும் இல்லை, கூட்டிப்போக ஆளும் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. அந்தப் போனிலோ பள்ளிக்கூடத்துக் கணினியிலோ காசில்லாமல் ஓடுகிற, பழைய வீடியோ கேம்களைப் போல ஒலி தருகிற எளிய மென்பொருள்களில் பிள்ளைகள் இசையமைப்பைத் தொடங்கட்டும் என்பது என் கருத்து. வேறு வழியில்லையே, இதாவது இருக்கட்டும் என்ற பரிதாபத்தில் இதைச் சொல்லவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கருவியை நான் அறியேன்.

வாசிப்பது வேறு, அமைப்பது வேறு. கீபோர்டு வகுப்பில் ஆண்டுக்கணக்கில் பழகுவது விரல். அடுத்தவர் போட்ட மெட்டைப் பிசகில்லாமல் வாசிக்க அது தேவைதான். இசையமைக்கிறவருக்கு வேண்டியது தீர்மானம்: இந்த இடத்தில் எது ஒலிக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும், மெட்டுக்குக் கீழே எது தாங்க வேண்டும். வகுப்புகளில் இது கடைசிப் பாடமாகக்கூட வருவதில்லை. பழைய கேம் இசையை உருவாக்கியவர்களுக்கோ இதைத் தவிர வேறு பாடமே கிடையாது. 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் கருவியில் ஒலிக்கென்று இருந்தவை ஐந்தே தடங்கள். இரண்டு சதுர அலைகளில் மெட்டும் துணை மெட்டும், ஒரு முக்கோண அலையில் அடிநாதம், ஓர் இரைச்சல் தடத்தில் தாளம், ஐந்தாவதில் சின்னஞ்சிறு ஒலிப்பதிவுத் துணுக்குகள். 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு கோஜி கோண்டோ இசையமைத்தது இந்தக் கருவிக்காகத்தான். படம், நிரல், இசை எல்லாம் சேர்ந்து அந்த விளையாட்டின் அளவு 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழுகிற காலை வணக்கப் படங்களில் பல அதைவிடப் பெரியவை.

இடம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தன் கூலிக்கு உழைத்தாக வேண்டும். 1982இல் வந்த கமோடோர் 64 கணினிக்கு மூன்றே குரல்கள். மெட்டுக்கும் தாளத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டால் மீதி ஒன்றுதான். மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டுக்கு எங்கே போவது? அந்த ஒரே குரலை மூன்று ஸ்வரங்களுக்கிடையே கண்ணிமைக்கும் வேகத்தில் தாவவிட்டார்கள். காது அதைக் கார்டாகவே ஏற்றுக்கொண்டது. சிப்டியூன் எனப்படும் பழைய கேம் பாணி இசையில் இன்றும் கேட்கும் அந்தத் துடிப்பு அப்படிப் பிறந்தது. 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இன்னும் எளிமை: இறங்கிவரும் நான்கு ஸ்வரங்கள், திரும்பத் திரும்ப. எதிரிகள் நெருங்க நெருங்க அந்த நான்கும் வேகமெடுக்கும். லயத்தின் வேகம் ஒன்றே பயத்தை உண்டாக்கும் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. நமக்கும் இது புதிதில்லை. நாதஸ்வரம் மெட்டைப் பிடிக்க, ஒத்து ஆதார சுருதியைத் தாங்க, தவில் லயத்தை நடத்த, தாளம் கணக்கைக் காக்க, நான்கே வேலைப் பிரிவில் ஒரு தெருவையே நிறுத்திவைத்துக் கேட்கச் செய்த மரபு நம்முடையது.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஜான் நெஸ்கி என்பவர் 2012இல் உருவாக்கிய பீப்பாக்ஸ் இணைய உலாவியிலேயே திறந்துகொள்ளும். நிறுவ வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். திரையில் ஒரு கட்டம்; மேலே போனால் சுருதி ஏறும், வலப்பக்கம் போனால் காலம் நகரும். கட்டத்தைத் தொட்டால் ஒரு ஸ்வரம் விழும், மறுபடி தொட்டால் அழியும். முதலில் திறக்கும்போது மூன்று ஸ்வரத் தடங்களும் ஓர் இரைச்சல் தடமும் இருக்கும். ஸ்கேல் என்ற பட்டியலைத் திறந்தால் ‘ஈஸி’ என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கிற முகம் போட்ட ஒன்று வரும். அதன் ஐந்து ஸ்வரங்கள் நம் மோகனம். அழுகிற முகம் போட்ட ‘ஈஸி’ சுத்த தன்யாசி. இன்னும் கீழே இறங்கினால் ‘டபுள் ஹார்மோனிக்’ என்று ஒன்று, அதிலும் சிரித்த முகத்தைத் தேர்ந்தால் கிடைப்பது மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். சரளி வரிசை பாடத் தொடங்கும் எந்தக் குழந்தையும் முதலில் நிற்கிற அதே வாசல். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் அதில் இல்லாத ஸ்வரம் கட்டத்திலேயே விழாது. அபஸ்வரம் வந்துவிடுமோ என்ற பயம் போய்விடுவதால் பிள்ளையின் கவனம் மெட்டின் வடிவத்துக்குப் போகிறது. ஓர் ஆவர்த்தத்துக்கு எத்தனை அடி என்பதையும் மாற்றலாம். மேற்கத்திய பாப் இசை நாலிலேயே நிற்கட்டும். ஏழை வைத்தால் மிஸ்ரம், ஐந்தை வைத்தால் கண்டம்.

தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு மெட்டில் ஆரம்பிப்பது. அடிநாதத்தில் ஆரம்பிப்பது நல்லது. கீழ்த்தடத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் போட்டு ஓடவிட்டுக் கேட்க வேண்டும். பிறகு இரைச்சல் தடத்தில் தாளம். இவை இரண்டும் நடையாக நின்றபிறகு மேலே மெட்டைப் போட்டால், எங்கே இடம் விட வேண்டும் என்று காதே சொல்லும். செய்து முடித்த பாட்டு முழுவதும் அந்தப் பக்கத்தின் இணைய முகவரிக்குள்ளேயே எழுத்துகளாகப் பதிந்திருக்கும். முகவரியை நகலெடுத்து நண்பனுக்கு அனுப்பினால் பாட்டே போய்ச் சேர்ந்துவிடும். அவன் அதைத் திறந்து, பிரித்து, மாற்றித் திருப்பி அனுப்பலாம். போனில் இடம் இல்லை, டேட்டா தீர்ந்துவிடும் என்ற புலம்பல்கள் இங்கே செல்லாது. சின்னத் திரையில் விரலால் கட்டம் தொடுவது எரிச்சல் தரும் வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தால் அது எவ்வளவோ மேல். டெர்ரி கவனா 2013இல் வெளியிட்ட போஸ்கா கியோலும் இதே போல இலவசமானது, எளிமையானது. இரண்டில் எது கைக்கு வருகிறதோ அதுவே சரி.

இதைக் கேட்டதும் சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கமகம் இல்லாத ஸ்வரம் வெறும் எலும்புக்கூடு, இந்த ‘பீப் பீப்’பில் உயிர் எங்கே என்பார்கள். கமகம் பற்றி அவர்கள் சொல்வது பெருமளவு உண்மை. பீப்பாக்ஸில் ஸ்வரத்தைப் பிடித்து இழுத்து வளைக்கலாம், அசைக்கலாம். ஆனாலும் தோடியின் காந்தாரத்தை அதில் தேடுவது வீண். மோகனத்தின் ஸ்வரங்களைக் கட்டத்தில் அடுக்குவதால் மோகன ராகம் வந்துவிடாது. ஆனால் இந்தக் கருவியிடம் ராக ஆலாபனையை யார் கேட்டார்கள்? அது கற்றுத்தருவது பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வேலை. ஒற்றைக் குரலை மெருகேற்றும் நம் பயிற்சியில் அதற்கு இடம் குறைவு. இயந்திர ஒலியின் மீதான வெறுப்பும் நிலையானது இல்லை. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் தம்புராவும் கச்சேரி மேடைகளில் ஏறி எத்தனை காலம் ஆகிறது. வித்வான்கள் இன்று போனிலுள்ள தம்புராச் செயலியை வைத்துச் சாதகம் செய்கிறார்கள். மும்பையில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் இசை இயந்திரங்களைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபின் உலகெங்கும் எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியை இசைக்குள் கொண்டுவந்ததை ரசித்த நாம், பிள்ளைகள் அதையே செய்தால் சத்தம் என்று சொல்வதில் நியாயமில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கட்டத்தில் தொட்டுத் தொட்டுப் பாட்டு செய்பவன் எட்டு ஆவர்த்தத்தைச் சுழலவிட்டு அதிலேயே மயங்கிக் கிடப்பான், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பாட்டை அவனால் கட்ட முடியாது என்பது அது. இந்த ஆபத்து நிஜம். சிப்டியூன் என்ற பெயரில் உலவுவதில் பாதி இப்படிப்பட்ட சுழல்தான். மாற்று மருந்தும் கேம் இசையிலேயே இருக்கிறது. விளையாட்டுக்கான இசை ஒரு காட்சிக்குக் கட்டுப்பட்டது. வீரன் திறந்தவெளியில் ஓடும்போது ஒன்று, சுரங்கத்துக்குள் இறங்கும்போது வேறொன்று, தோற்றால் மூன்று நொடியில் முடிகிற ஒன்று. மரியோவில் நேரம் குறைந்துவிட்டால் அதே மெட்டு வேகம் பிடித்து ஓடும். ஆகவே ‘ஒரு பாட்டு செய்’ என்று பிள்ளையிடம் சொல்லாமல், ‘தொலைந்த சாவி கிடைத்ததும் வருகிற இசையைச் செய்’ என்று சொன்னால் சுழலிலிருந்து அவன் தானாகவே வெளியே வருவான்.

ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப்பாட்டையே தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாட்டு வேண்டும் என்பவர் அங்கே போகலாம். பாட்டு கட்டத் தெரிய வேண்டும் என்பவர் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. தங்கவயலில் அது கௌரவமான கேள்வி. உண்மையைச் சொன்னால், கேம் இசையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாட்டிலேயே குறைவு. ஜப்பானியர் டைசுகே அமயா ஓய்வு நேரத்தில் ஐந்தாண்டு தனியாளாக உழைத்து 2004இல் ‘கேவ் ஸ்டோரி’ என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டார். அதன் இசையை அமைப்பதற்கான சின்ன மென்பொருளையும் தாமே எழுதிக்கொண்டார். உலகப் புகழ் வந்தது. அது எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் இங்கே பழகியது வீணாவதில்லை. பீப்பாக்ஸில் செய்ததை மிடி கோப்பாக எடுத்துப் பெரிய ஸ்டூடியோ மென்பொருள்களில் திறக்கலாம். தடம் பிரிப்பது, அடுக்குவது, இடம் விடுவது என்ற பழக்கம் குறும்படத்துக்கும் விளம்பரத்துக்கும் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒன்றுதான். மேலும், தட்டச்சும் கணினியும் கற்கும் பிள்ளையிடம் ‘வேலைக்காக’ என்கிறோம். கிரிக்கெட் ஆடும் பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இசையை மட்டும் இரண்டு கணக்கிலும் சேர்க்காமல் வைத்திருக்கிறோம்.

தங்கவயலைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கு இயந்திரம் எப்போதும் சீக்கிரமாக வந்தது, ஆனால் அடுத்தவருக்காக வந்தது. சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் 1902இலேயே இங்கு எட்டிப் பார்த்தது, வெள்ளைக்காரக் கம்பெனியின் சுரங்கத்துக்காக. 2018லும் 2022லும் வந்த ‘கேஜிஎஃப்’ படங்களால் ஊரின் பெயர் உலகெங்கும் ரவி பஸ்ரூரின் பெருங்கூட்டக் குரல்களோடு ஒலித்தது. 2024இல் ‘தங்கலான்’ படம் ஜி.வி. பிரகாஷ்குமாரின் இசையோடு வந்தது. இரண்டையும் குறை சொல்லவில்லை. இரண்டும் வெளியிலிருந்து வந்த இசை என்பதே நான் சொல்வது. இதே மண்ணில் அச்சு என்ற கருவி மக்கள் கைக்கு வந்தபோது நடந்ததும் நமக்குத் தெரியும். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1914இல் மறைந்தபின் அவருடைய ‘தமிழன்’ இதழை 1920களில் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களை சாம்பியன் ரீஃப்ஸின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காப்பாற்றியது. பெரிய ஊர்களின் பதிப்பகங்கள் வரட்டும் என்று சுரங்கத் தொழிலாளர் சமூகம் காத்திருக்கவில்லை.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையில் சரக்கு ஏராளம். ஷிப்டு மாறும்போது ஊதிய சங்கு, ஆள் ஏற்றி இறக்கும் கேஜுக்கு அடித்த மணிக் குறிகள், பூமிக்கடியில் பாறை வெடித்து தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுச் சட்டிபானை அதிர்ந்த ராக் பர்ஸ்ட் என்று தாத்தாக்கள் சொல்லும் கதைகளே போதும். சங்குக்கு ஒரு சதுர அலை, மணிக்கு இன்னொன்று, கேஜ் இறங்கும் ஆழத்துக்கு முக்கோண அலை, பாறை வெடிப்புக்கு இரைச்சல் தடம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தைப் பற்றி ஒரு சின்ன விளையாட்டும் அதற்கு நாலு தட இசையும் லைன் வீட்டிலிருந்தே வர முடியும்.

இதற்குப் பெரிய திட்டமோ அரசாணையோ தேவையில்லை. தங்கவயலின் பள்ளிகள், தேவாலய மண்டபங்கள், தமிழ்ச் சங்கங்கள், படிப்பகங்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பழைய லேப்டாப் ஒன்றையும் இரண்டு ஹெட்போன்களையும் வாரத்தில் ஒரு மாலையையும் ஒதுக்கட்டும். மென்பொருளின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், எந்தப் பொத்தான் எதற்கு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். கணினி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. சங்கீதம் தெரிந்தவர் வந்து முகம் சுளிக்காமல் உட்கார்ந்தால் மிக நல்லது.