கஷாயத்தின் மேல் பழி வேண்டாம்: எல்லை ஊர் நாட்டு வைத்தியர்களின் நிலைப்பாடு

கஷாயத்தில் நஞ்சு கலந்து ஓர் இளைஞரைக் கொன்ற வழக்கில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் 2025 ஜனவரி 20 அன்று தண்டனை அறிவித்ததிலிருந்து, கேரள எல்லையிலுள்ள காட்டாக்கடை, பாறசாலை வட்டாரத்தில் நடப்பதை நம் சங்க உறுப்பினர்கள் அறிவார்கள். வழக்கின் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. தண்டனை பற்றியும் சங்கம் கருத்துச் சொல்லாது. ஆனால் 'கஷாயக் கொலை' என்று ஊரெல்லாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம் வாங்க வரும் தாய்மார் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல ஒண்ணும் கலக்கலையே வைத்தியரே?" என்று கேட்கிறார்கள்.

அந்த இளைஞரின் உயிரைக் குடித்தது பாரக்குவாட் என்னும் களைக்கொல்லி. ஒரு வாய் உள்ளே போனாலே போதும். வாயும் தொண்டையும் வெந்து, சிறுநீரகம் கெட்டு, நுரையீரல் இறுகிவிடும். முறிமருந்து கிடையாது. 2022 அக்டோபர் 14-இல் குடித்தவர் பதினொரு நாள் துடித்து 25-ஆம் தேதி இறந்தார். கஷாயத்தின் கசப்பு நஞ்சின் ருசியை மறைத்தது. பால் கொடுத்திருந்தால் பாலையா பழிப்பார்கள்? கேரளம் இந்த நஞ்சை 2011-லேயே தடை செய்தது. இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாக ஒழித்தது. கேரளத்தின் தடையோ தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையோடு முடிந்துபோகிறது! தமிழ்நாட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு அடிப்பது கேரளப் பக்கம் வர எத்தனை நேரமாகும்? இதைக் கேட்க ஆளில்லை; பச்சிலையை ஏச மட்டும் எல்லோரும் இருக்கிறார்கள்.

அதே சமயம், வைத்தியர்களான நம் பக்கமும் சில ஒழுங்குகள் தேவை என்று சங்கச் செயற்குழு கருதுகிறது. நிலவேம்பைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவரிடம் விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது. காய்ச்சிய கஷாயத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை; மூத்த ஆசான்மார் சிலர் இதற்கு உடன்படவில்லை என்றாலும் பெரும்பான்மை முடிவு இதுவே.

சீட்டு ஒட்டாத சீசா எந்த உறுப்பினர் கையிலிருந்தும் இனி வெளியே போகக் கூடாது. என்னென்ன சரக்கு, யார் காய்ச்சியது, என்று காய்ச்சியது என எழுதியிருக்க வேண்டும். அரசிடமும் ஒரு கோரிக்கை: தமிழ்நாடு அரசு பாரக்குவாட் விற்பனையை நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டும். எல்லையின் இரு பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.