ஊக்க உரையும் எட்டு மணி நேரமும்

திருவனந்தபுரம் நகரின் வடக்கே, கழக்கூட்டத்தை ஒட்டி விரிந்து கிடக்கிறது டெக்னோபார்க். 1990இல் தோழர் இ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு உருவாக்கிய வளாகம் அது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இன்று அங்கே 70,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்கின்றனர். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து டி.சி.எஸ். நிறுவனத்துக்குத் தேர்வான இளைஞர்களில் பலர், முதல் வேலைக்கென்று பெட்டியோடு வந்து இறங்கியது இந்த நகரில்தான். அந்நிறுவனத்தில் புதிதாகச் சேருவோருக்கான பெரும் பயிற்சி மையம் இங்கே நெடுங்காலமாக இயங்கி வந்திருக்கிறது.

கணினி மொழிகளோடு இன்னொரு மொழியையும் தகவல் தொழில்நுட்பத் துறை தன் ஊழியர்களுக்குச் சேர்த்தே கற்பிக்கிறது. "உன் வாழ்க்கைக்கு நீயே தலைமை நிர்வாகி", "ஊழியனைப் போல் எண்ணாதே, உரிமையாளனைப் போல் எண்ணு", "தடைகள் எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கின்றன" என்று போகும் அந்த மொழி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, நன்றியுணர்வு நாட்குறிப்பு எழுதுவது, நாளொன்றுக்கு ஓர் ஊக்க வாசகத்தைக் கைப்பேசியில் படிப்பது என்று அதற்குச் சடங்குகளும் உண்டு. 'தலைவர்களுக்கும் தொழில்முனைவோருக்கும்' என்ற முகவரியோடு வரும் இந்தச் சரக்கின் உண்மையான வாடிக்கையாளர் யார்? முதலாளிகள் இதைப் படித்து முதலாளிகள் ஆனதில்லை. மாதச் சம்பளக்காரரும், வேலை தேடும் பட்டதாரியும், கடன் வாங்கிச் சிறு கடை வைத்தவருமே இதன் வாசகர்கள்.

இந்த மொழியின் பொருள் என்ன என்பது 2025 ஜூலையில் வெட்டவெளிச்சமானது. உலகெங்குமுள்ள தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, ஏறத்தாழ 12,261 பேரை, வெளியேற்றப் போவதாக டி.சி.எஸ். அறிவித்தது. இலக்கானவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். அதாவது, பல ஆண்டுகளாகத் 'தலைவர்கள்' என்று அழைக்கப்பட்டு வந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் நிறுவனம் ஈட்டிய நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். வெளியேற்றப்பட வேண்டியவர் ஒருவருக்கு ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கு வருகிறது, அதுவும் ஒரே காலாண்டில்! ஆயினும் பழி ஊழியரின் 'திறன்' மீது விழுந்தது. திட்டங்களில் அமர்த்தப்படாமல் ஆண்டுக்கு 35 நாள்களுக்கு மேல் ஓர் ஊழியர் காத்திருக்கக் கூடாது என்ற விதியை அதற்கு ஒரு மாதம் முன்புதான் நிறுவனம் கொண்டுவந்திருந்தது. வேலை கொடுக்க வேண்டியது நிர்வாகம். வேலை இல்லாமல் இருந்தால் குற்றவாளி தொழிலாளி. 'உன் வளர்ச்சிக்கு நீயே பொறுப்பு' என்ற ஊக்க வாசகம் பணிநீக்க ஆணையாக மொழிபெயர்க்கப்படுவது இவ்வாறுதான்.

நெருக்கடியின் துணைத்தொழில்

இது புதிய சரக்கல்ல. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 'தன்னுதவி' என்ற நூலை வெளியிட்டது 1859இல். உழைப்பும் சிக்கனமும் நல்லொழுக்கமும் இருந்தால் எவரும் உயரலாம், சட்டங்களால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் தொழிலாளி வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தப் போராடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த உபதேசம் அது. மார்க்ஸின் 'அரசியல் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அமெரிக்காவில் நெப்போலியன் ஹில்லின் 'சிந்தித்துச் செல்வந்தராகு' 1937இல், பெருமந்தத்தின் பிடி விலகாத காலத்தில், வெளிவந்தது. வேலையற்றோர் லட்சக்கணக்கில் அலைந்த நாட்டில் செல்வம் என்பது சிந்தனையின் விளைவு என்று போதிக்கப்பட்டது. 1980களுக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கூட்டங்கூட்டமாக ஆட்குறைப்பு செய்தபோது, எஞ்சியிருந்த ஊழியர்களை அடக்கி வைக்கவும் வெளியேற்றப்பட்டவர்களைத் தேற்றி அனுப்பவும் ஊக்கப் பேச்சாளர்கள் எவ்வாறு அமர்த்தப்பட்டனர் என்பதை பார்பரா ஏரன்ரைக் 2009இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்.

தமிழிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறையின் கையில் இருந்த நூல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பலருக்கு அது துணிவைத் தந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சாதியும் வறுமையும் தலை குனிய வைத்த சமூகத்தில், நிமிர்ந்து நில் என்று சொல்லும் எந்தக் குரலுக்கும் செவிகள் கிடைக்கும். தன்னம்பிக்கை பொய்யல்ல. ஆனால் தன்னம்பிக்கையை ஊதியத்துக்கும் ஓய்வுக்கும் சங்கத்துக்கும் மாற்றாக விற்பவரின் நோக்கம் வேறு.

அந்த நோக்கம் எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை 2024 காட்டியது. கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர், பன்னாட்டுத் தணிக்கை நிறுவனமொன்றின் புனே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நான்கே மாதங்களில், ஜூலையில் இறந்துபோனார். வேலைப்பளுவே மகளைக் கொன்றது என்று தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாட்டை உலுக்கியது. நிறுவனம் அதை மறுத்தது. அப்போது சென்னையில் ஒரு தனியார் கல்லூரி விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும், அந்த வலிமை தெய்வ பக்தியால்தான் வரும் என்றும் அறிவுரை வழங்கினார். அமைச்சர் பேச வேண்டிய செய்தி வேறொன்று இருந்தது. மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அந்த அலுவலகத்தை ஆய்வு செய்தபோது, 2007 முதல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழான பதிவே இல்லாமல் அது இயங்கி வந்தது தெரியவந்தது. நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதிக்கும் சட்டம் அது. பதினேழு ஆண்டுகளாக எந்த ஆய்வாளரும் அங்கே போய்ப் பதிவேட்டைக் கேட்கவில்லை. இறந்தவரின் மனவலிமையை அளக்க மட்டும் அமைச்சருக்கு நேரம் இருந்தது.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழையுங்கள் என்று இளைஞர்களுக்கு நாராயணமூர்த்தி சொன்னது 2023 அக்டோபரில். 90 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து என்று எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்பது அவர் கேட்ட கேள்வி. 2023-24இல் அவர் பெற்ற ஊதியம் 51 கோடி ரூபாய், அந்நிறுவன ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப் போல 534 மடங்கு. இவ்வளவு ஊக்கம் கிடைத்தால் யாருக்குத்தான் வீடு போகத் தோன்றும்?

'பார்ட்னர்' என்னும் பட்டம்

திருவனந்தபுரத்தின் தெருக்களில் உணவுப் பொட்டலத்தைச் சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞர் தொழிலாளி அல்ல, 'பார்ட்னர்'. வாடகைக்குப் பைக் ஓட்டுபவர் 'கேப்டன்'. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, விபத்தும் அவருடையது. செயலியும் விலை நிர்ணயமும் மட்டும் நிறுவனத்துடையவை. இதற்குத் தொழில்முனைவு என்று பெயர். ஊக்கப் பேச்சாளர் மேடையில் செய்யும் இந்தப் பெயர் மாற்றத்துக்கு மோடி அரசு சட்ட வடிவமே கொடுத்துவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புச் சட்டங்களில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டம், 'கிக்' தொழிலாளியை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்றே வரையறுக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை நிதிக்குச் செலுத்த வேண்டுமாம். குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் அந்த வரையறைக்குள் வரவில்லை. தொழில் உறவுகள் சட்டமோ, அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்பு செய்யும் உரிமையை 300 பேருக்குக் குறைவான ஆலைகளுக்கு வழங்கிவிட்டது. முன்பு இந்த வரம்பு 100. இச்சட்டங்களைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று இடது ஜனநாயக முன்னணி அரசின் தொழிலாளர் அமைச்சர் தோழர் வி.சிவன்குட்டி அறிவித்தார்.

'நீயும் தொழிலதிபர்' என்ற முழக்கத்தின் இன்னொரு முகத்தையும் கேரளம் கண்டிருக்கிறது. ஆள் சேர்த்து ஆள் சேர்த்து மேலேறும் சங்கிலி வணிகத்தின் உயிர்நாடியே ஊக்கக் கூட்டங்கள்தான். பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2013 மே மாதத்தில் ஆம்வே இந்தியாவின் தலைமை நிர்வாகியையும் இரு இயக்குநர்களையும் கேரளக் காவல்துறை கைது செய்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை அந்நிறுவனத்தின் 757 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. உறுப்பினராகச் சேர்ந்து பணக்காரராவது எப்படி என்று பரப்புவதிலேயே நிறுவனத்தின் கவனம் இருந்தது, பொருள்களில் இல்லை என்று அமலாக்கத்துறை கூறியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளது. மேலே இருப்பவரின் வருமானம் கீழே சேருபவரின் நம்பிக்கையிலிருந்து வருகிறது. நட்டமடைந்தவரிடம், நீ போதிய அளவு நம்பவில்லை என்று சொல்லப்படுகிறது.

தலைமை பிறந்த இடங்கள்

தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, செங்கல்லில் சுருள் கோபுரம்போல் எழுந்து நிற்கும் இந்தியா காப்பி ஹவுஸைக் காணாமல் அந்நகருக்குப் போய்வந்தவர் இருக்க முடியாது. கட்டடம் லாரி பேக்கர் வடிவமைத்தது. அதன் உரிமையாளர்கள் அங்கே பரிமாறுகிறவர்களும் சமைக்கிறவர்களும்தான். 1950களில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை வெளியே அனுப்ப முடிவு செய்தது. அந்த ஊழியர்களிடம் தோழர் ஏ.கே.கோபாலன், கடைகளை நீங்களே கூட்டுறவாக எடுத்து நடத்துங்கள் என்றார். 1957இல் பெங்களூரிலும் தில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுக் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. வேலையிழந்த பரிமாறுநர்கள் அவர்கள். முதலீட்டாளரைத் தேடி மேடையேறி மூன்று நிமிடத்தில் தம்மை விற்றுக் காட்டச் சொல்லப்பட்டிருந்தால் எவரும் தேறியிருக்க மாட்டார்கள். சங்கமாக இருந்ததால் நிர்வாகம் கற்றார்கள், கணக்குக் கற்றார்கள். 'ஆளுமை வளர்ச்சி' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டென்றால் அது இதுதான்.

நகரின் தெற்கே வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி எழுதப் படிக்கக் கற்றவரல்லர். ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவும் தடை இருந்த பொதுச்சாலையில் 1893இல் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டி அவர் நடத்திய வேலைநிறுத்தம், ஊதியத்தையும் கடந்து கல்விக்காக நடந்தது. பட்டினி வந்தபோது கடலோர மீனவர்கள் படகுக்கு ஒருவராக அந்தத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டனர் என்று வரலாறு கூறுகிறது. 1937இல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தன் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் சொன்ன ஆசை. தலைமைப் பண்பு பற்றி மணிக்கணக்கில் பேச ஆயிரங்களைக் கட்டணமாக வாங்குவோரின் சொற்பொழிவுகளில் இவர் பெயர் வருவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். டெக்னோபார்க்கை அமைத்தது இடதுசாரி அரசு, கேரள ஸ்டார்ட்அப் மிஷன் செயல்படுவதும் திருவனந்தபுரத்தில்தான். பிறகு இந்த விமர்சனம் எதற்கு என்று சில தோழர்களே கேட்கக்கூடும். ஒரு மாநில அரசு, தன் கைக்கு எட்டிய அதிகாரத்துக்குள், வேலைவாய்ப்பை உருவாக்க நிலமும் கட்டடமும் மின்சாரமும் கடனும் ஏற்பாடு செய்வது அதன் கடமை. 45 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைக் கொண்ட குடும்பஸ்ரீ செய்வதும் தொழில்முனைவுதான். அங்கே அண்டை வீட்டார் கூடிய குழு கடன் வாங்குகிறது, குழுவே கணக்குக் கேட்கிறது. ஆனால் பொதுப்பணத்தில் எழுந்த கட்டடத்துக்குள் எந்தக் கருத்து குடியேறுகிறது என்பதில் அரசு கவனமாக இருப்பது போதாது, இயக்கம் கவனமாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் இயக்கத்துக்குள்ளும் ஒரு தளர்வு தென்படுகிறது. இளைஞர் முகாம்களில், ஊழியர் சங்க மாநாடுகளில் 'கூட்டம் சேரும்' என்பதற்காக ஊக்கப் பேச்சாளர்களை அழைப்பதும், அரசியல் வகுப்புக்கு ஒதுக்கிய நேரத்தை 'ஆளுமைத் திறன்' அமர்வுக்குக் கொடுப்பதும் சாதாரணமாகி வருகின்றன. சூழலை மாற்றும் செயலில்தான் மனிதன் தன்னையும் மாற்றிக்கொள்கிறான் என்று 1845இலேயே ஃபாயர்பாக் குறித்த குறிப்புகளில் மார்க்ஸ் எழுதி வைத்ததை மறந்துவிட்டு, சூழலை அப்படியே விட்டு மனத்தை மட்டும் மாற்றச் சொல்பவருக்குச் செங்கொடியின் கீழ் ஒலிபெருக்கி கொடுப்பது எப்படிச் சரியாகும்? கிளைக் கூட்டத்தில் முறையாக நடக்கும் விமர்சனமும் சுயவிமர்சனமும் ஒரு தோழரை எவ்வளவு வளர்க்கும் என்பது அதைக் கண்டவர்களுக்குத் தெரியும். அது சில கிளைகளில் சடங்காகிவிட்டதால்தான் இளம் தோழர்கள் வேறிடம் தேடுகிறார்கள் என்றால், சரிசெய்ய வேண்டியது கிளையை.

டி.சி.எஸ். பணிநீக்கம் அறிவிக்கப்பட்டபோது, கர்நாடகத்தில் கே.ஐ.டி.யு. சங்கம் தொழிலாளர் துறையில் தொழில்தாவா எழுப்பியது, சென்னையில் சி.ஐ.டி.யு.வும் யுனைட் சங்கமும் தெருவில் இறங்கின. கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலை நாளை 14 மணி நேரமாக நீட்டும் யோசனை 2024 ஜூலையில் வந்தபோதும் எதிர்த்து நின்றது அதே கே.ஐ.டி.யு.தான். தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. இடதுசாரிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடின. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே தினக் கொடியை ஏற்றியதன் நூறாவது ஆண்டு அது. அந்த மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று, மசோதா திரும்பப் பெறப்படுகிறது என்று முதலமைச்சர் அறிவித்தார்.