மார்பக ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியாச்சு... கையை அசைக்காமலே வைத்திருக்கலாமா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வடமதுரைக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு, பார்க்க வருகிறவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, "பச்ச உடம்பு. அந்தக் கையை அசைக்கவே அசைக்காதே" என்பதுதான். அம்மா சோறு ஊட்டுவார், மகள் தலை வாரிவிடுவாள், கை நாள் முழுக்கத் தலையணை மேலேயே கிடக்கும். எல்லாம் பாசம்தான். ஆனால், இந்தப் பாசமே சில வாரங்களில் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்துவிடும்.

மார்பகத்தோடு அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளையும் எடுக்கும்போது, தோள் அசைவுக்கு உதவும் தசைகளும் தோலும் இறுகத் தொடங்கும். அசைக்காமல் விட்டால் தோள் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படும். அப்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடி ஆடாமல் படுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று, பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரங்கள். கை மேலே போகவில்லை என்றால் சிகிச்சையைத் தொடங்குவதே தள்ளிப்போகலாம். வீட்டில் செய்யும் பத்து நிமிடப் பயிற்சிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

பந்தும் கயிறும் கொண்டுவந்த பெண்

1952-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. தானே பயிற்சி செய்து மீண்ட அவர், ஆபரேஷன் முடிந்த மற்ற பெண்களைத் தேடிப்போய்ப் பார்க்கத் தொடங்கினார். அவர் கொண்டுபோனது ஒரு ரப்பர் பந்தும் கொஞ்சம் கயிறும்தான். பந்து கை விரல்களுக்கு, கயிறு தோளுக்கு. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் இதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. அவர் சொல்லித் தந்ததன் சாரம் இன்றும் மாறவில்லை.

எப்போது, எந்தப் பயிற்சி?

முதல் வாரம்: விரல்களை மடக்கி விரிப்பது, சின்னப் பந்தை அமுக்குவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது. இவற்றை ஆபரேஷனுக்கு மறுநாளே தொடங்கச் சொல்வார்கள். தானே சாப்பிடுவதும், முடிந்தவரை தானே தலை வாருவதும் பயிற்சிதான். டியூப் இருக்கும்வரை கை தோள் மட்டத்துக்கு மேலே போக வேண்டாம்.

டியூப் எடுத்த பிறகு: டாக்டர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி ஏறுவதுபோல மெள்ள மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். தசை இழுப்பது போன்ற வலி இயல்பு. சுரீர் என்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும். வலி மாத்திரை போட்டு அரைமணி நேரம் கழித்துச் செய்தால் சுலபமாக இருக்கும்.

மார்பகத்தை மறுபடி உருவாக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் டாக்டர் சொல்லும் அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும்.

டியூபைப் பார்த்துப் பயம் வேண்டாம்

பலர் உடம்பில் ஒரு டியூபோடும், அதன் முனையில் அமுக்கிவிடும் சிறிய டப்பாவோடும்தான் வீட்டுக்கு வருவார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் ஏற்பாடு அது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் திறந்து, எத்தனை மில்லி என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு காற்றில்லாமல் அமுக்கி மூட வேண்டும். முதலில் ரத்த நிறத்தில் வரும் நீர், போகப்போக வைக்கோல் நிறத்துக்கு மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் டியூபை எடுக்கும் நேரம் நெருங்குகிறது, முடிவு டாக்டருடையது. டப்பாவைக் காயத்துக்குக் கீழே இருக்கும்படி நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டினால் இழுபடாது. தலைவழியாகப் போடும் உடைக்குப் பதில், முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் உள்ளது நல்லது.

டியூப் எடுத்த பிறகு அந்த இடம் மெத்தென்று வீங்கினால் அது தேங்கிய நீராக இருக்கலாம். வீட்டில் அமுக்கி எடுக்கப் பார்க்கக் கூடாது. டாக்டர் ஊசி போட்டு எடுத்துவிடுவார்.

செய்யக் கூடாதவை

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், அரிசி மூட்டை, குழந்தை, ஈரத்துணி பிழிவது எதுவும் வேண்டாம். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை பூச வேண்டாம். அக்குளிலும் மேல் கையின் உள்பக்கமும் மரத்துப் போயிருக்கும். அங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும்.

அந்தக் கையில் ஊசி, பிரஷர் பார்ப்பது போன்றவற்றைத் தவிர்க்கவே பொதுவாகச் சொல்கிறார்கள். இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம். பூப்பறிக்கவோ கத்தரிக்காய் பறிக்கவோ தோட்டத்துக்குத் திரும்பும்போது கையுறை போடுவது அவசியம். முள் குத்தினால் உடனே சோப்பால் கழுவ வேண்டும். மோதிரம் திடீரென இறுகுவதும், கை கனப்பதும் நிணநீர் வீக்கத்தின் அறிகுறி. மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட அது வரலாம். ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்தலாம்.

"முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்பதில் உண்மை இல்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தால்தான் காயம் சீக்கிரம் ஆறும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவந்து பரவுவது, சீழ், கெட்ட வாடை, டப்பா திடீரென ரத்தத்தால் நிறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.

தையல் பிரித்ததோடு முடியவில்லை

காயம் ஆறி, மில்லுக்கோ காட்டுக்கோ வேலைக்குத் திரும்பியதும், "எல்லாம் சரியாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால், எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கைதான் அடுத்து கீமோவா, கதிர்வீச்சா, மாத்திரையா என்று சொல்லும். சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டிய சிகிச்சை அது. அறிக்கையை வாங்கி டாக்டரிடம் காட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதியும் இருக்கிறது. தோள் அசையச் சிரமப்படுகிறவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்கலாம். சந்தேகங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, டியூப் அளவு எழுதிய நோட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.