கொல்லிப் பாவையைச் செய்தது பூதமா?

கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். கண்டவரை மயக்கும் பெண்ணுருவம். காற்றும் மழையும் இடியும் அதன் அழகைக் குலைக்க முடியாது என்றார்கள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இந்தச் செய்தி இருக்கிறது. சரி, அதைச் செய்தது யார்? ஒரு புலவர் பூதம் என்கிறார். இன்னொருவர் தெய்வம் என்கிறார். கல்லுடைக்கிறவன், மரம் இழைக்கிறவன், மண் குழைக்கிறவன் என்று வாய் தவறிக்கூட ஒருவரும் சொல்லவில்லை!

அப்படி ஒரு பாவை மெய்யாகவே இருந்ததா என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. அது பண்டிதர்கள் பாடு. பூதம் உளி பிடித்து யாரும் பார்த்ததில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? நகரத்தில் படித்த கலைஞர்களிடம் ஒரு முறை பரவியிருக்கிறது. சுவரில் மாட்டப் படம் எழுதுவதை விட்டு, மலைக்கோ ஆற்றங்கரைக்கோ போகிறார்கள். அங்கே கிடக்கும் கல், மண், சருகு, மூங்கில் கொண்டு, அந்த இடத்துக்கென்றே ஒன்றைச் செய்கிறார்கள். இடம் பெயர்த்தால் அதற்கு உயிர் இல்லை. நல்ல முறைதான், நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இது மேல்நாட்டில் பிறந்து நேற்று நம்மிடம் வந்த சரக்கு என்று சொன்னால் ஒப்பமாட்டோம்.

சோளக்கொல்லைப் பொம்மை யாருடைய வேலை? அந்தக் கொல்லையின் தட்டை, உழுகிறவனின் கிழிந்த சட்டை, அடுப்படியில் உடைந்த சட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் புள்ளி. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அந்த இடத்துக்கென்று செய்தது இல்லையா அது? ஏரி மண்ணை எடுத்து வேளார்கள் வனைந்து, ஊர் எல்லையில் ஐயனாருக்கு நிறுத்தும் குதிரைகளைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேலும் நிற்பவை உண்டு. வெயிலிலும் மழையிலும் உடைந்தது அங்கேயே கிடக்கும். பக்கத்தில் புதுக் குதிரை எழும்.

கொல்லிமலைக்கே வருவோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் மலைமக்கள்.) இந்த மலையிலும் சேர்வராயன் மலையிலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய மனிதன் கல்லைக் கல்லோடு தேய்த்துச் செய்த கோடரிகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அவற்றை எடுத்து வந்து மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் வைத்து மக்கள் வணங்கி வந்ததைத் தொல்லியல் அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! யாரோ ஒரு உழைப்பாளியின் கைக்கருவி. காடு திருத்தி, மரம் பிளந்து, முனை மழுங்கி மண்ணுக்குள் போனது. பேரன் பேத்திகளின் காலம் எத்தனையோ கடந்த பிறகு இன்னொரு உழைப்பாளியின் கைக்கு வந்து, அதே மண்ணில் மரநிழலில் மரியாதையோடு நிற்கிறது. கும்பிடுவதைப் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் உழைப்பின் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னத்தை எந்தக் கலாசாலை கட்டியிருக்கிறது?

ஆனால் இடத்தின் பொருளைக் கொண்டு செய்வதென்றால், இடத்தின் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்தே தீரும். இதைத்தான் கலை பற்றிப் பேசுகிறவர்கள் தொடுவதில்லை.

1882ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு வனச் சட்டம் போட்டான். ஒதுக்குக் காட்டில் மரம் வெட்டுவது குற்றமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கூடை முடைந்தவன் கையில் மூங்கில் இருந்தால் காவலன் கேள்வி கேட்டான். சுதந்திரம் வந்த பிறகும் சட்டம் போகவில்லை. அதே மலையின் உச்சியைக் கிளறி, மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் மண் லாரி லாரியாக இறங்கியதே! அது தொழில் வளர்ச்சி. ஒரு கழி மூங்கில் திருட்டு. இது என்ன நியாயம்? 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் மூங்கில், பிரம்பு உட்பட்ட சிறு வனப்பொருள்கள் மீது பழங்குடி மக்களுக்கு உடைமை உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் உள்ளது கையில் வரவேண்டும்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்டுவதற்காக இடித்துத் தள்ளிய கிராமங்களின் கல்லையும் ஓட்டையும், உடைந்த பீங்கானையும் வளையலையும் பொறுக்கிச் சேர்த்து, 1957 வாக்கில் தொடங்கி, சர்க்கார் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உருவங்கள் செய்து அடுக்கினார். பகலில் உத்தியோகம், இரவில் இந்த வேலை. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது கணக்குப்படி அது ஆக்கிரமிப்பு; இடித்துவிடவும் பேச்சு நடந்தது. ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும், துணைக்கு ஐம்பது தொழிலாளர்களும் கிடைத்தார்கள். வெளியேற்றப்பட்ட கிராமத்தின் குப்பையே அந்த நகரத்தின் பெருமையாகிவிட்டது. 2015ல் அவர் காலமானபோது உலகமெங்கும் எழுதினார்கள். அந்த ஐம்பது பேரின் பெயர் எங்கே?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1970ல் உட்டா மாநிலத்து உப்பு ஏரிக்குள் 1,500 அடி நீளத்துக்குக் கல்லால் ஒரு சுருள் பாதை போட்டார் ராபர்ட் ஸ்மித்சன். பாறைகளை வாரிக் கொட்டியது லாரி ஓட்டியவர்களும் இயந்திரம் இயக்கியவர்களும். புத்தகங்களில் நிற்பது ஒரே பெயர். அங்கே பூதம் டீசலில் ஓடியது போலும்!

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஆடி மாதத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சர்க்கார் விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சியில் பூக்களால் உருவங்கள் செய்து வைக்கிறார்கள், பார்க்க அழகுதான். அந்த விழாவில் மலைமக்களுக்கு ஒரு திடலை ஒதுக்குங்கள். சாமைத் தாளும் மூங்கிலும் களிமண்ணும் கல்லும் கொண்டு அவர்கள் நினைத்ததை அவர்கள் செய்யட்டும். என்ன செய்வது என்று மேலேயிருந்து யாரும் உத்தரவு போட வேண்டாம். நகரத்துக் கலைஞர்கள் வரட்டும், உடன் உட்கார்ந்து வேலை செய்யட்டும். சாமை விளைந்த வயல்களில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி விளைவிக்கும் நிலமாக மாறிவிட்டது என்பதையும் அந்த மக்களே உருவமாகச் செய்து காட்டக்கூடும், காட்டினால் தடுக்காதீர்கள்.

செய்தவர்கள் அத்தனை பேரின் பெயரும், மந்திரி பெயர் எழுதும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். கூலி அன்றன்றைக்குச் சாயங்காலமே கைக்கு வரவேண்டும். விழா முடிந்து, பந்தல் பிரித்து, பில் பாஸான பிறகு அல்ல.