கோடிங் அவசரக்காரர்கள்

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்து ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டியதிலிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வரை பிளெக்ஸ் பேனர்கள் முளைத்துவிடும். கோட்டு போட்ட குழந்தை, கையில் லேப்டாப், கீழே 'மூன்றாம் வகுப்பிலிருந்தே கோடிங்' என்று ஒரு வரி. ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் அதையே நீட்டி முழக்குவார். கோடிங்தான் இனி எழுத்தறிவாம். இப்போதே தொடங்காத பிள்ளை பின்தங்கிவிடுமாம். மூளை கூர்மையாகுமாம், வேலை வீடு தேடி வருமாம். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போதாததற்கு, 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவும் கணினிவழிச் சிந்தனையும் வரும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. மேடைக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே அமைச்சகம் தூக்கிப்பிடிக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கை கோடிங்கை நடுநிலை வகுப்புகளில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்துதான், தொடங்கச் சொன்னது. ஐந்து வருடத்தில் குழந்தைகளின் மூளை மூன்று வகுப்பு முன்னேறிவிட்டது போலிருக்கிறது.

புது எழுத்தறிவு இருக்கட்டும், பழைய எழுத்தறிவு எங்கே நிற்கிறது? 2022 ஏசர் கல்வி ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவு அது; 2024இல் இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஏறியும் நூற்றுக்கு இருபதைத் தொடவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் அரசுப் பள்ளியில்தான். எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வரவேண்டும் என்பது அதன் இலக்கு. இந்த மாவட்டத்தின் வடக்கே வகுப்பறை எப்படி இருக்கும் என்று பேனர் அச்சடிப்பவருக்குத் தெரியுமா? வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, சிப்காட் வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளை, மழை முடிந்ததும் ஒடிசாவிலிருந்து பெற்றோரோடு செங்கல் சூளைக்கு வந்து கோடையோடு ஊர் திரும்பும் பிள்ளை. ஈராசிரியர் பள்ளியென்றால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர். அந்த இருவரில் யார் கோடிங் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடலாம்.

தாமதித்தால் போச்சு என்பவர்களுக்கு ஒரு வரி போதும். கல்லூரிக்கு வந்த பிறகே கணினியைத் தொட்டவர்கள்தான் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. கம்பெனிகளை நிரப்பினார்கள்.

இங்கிலாந்தைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். 2014 செப்டம்பரில் ஐந்து வயதிலிருந்தே கோடிங்கைக் கட்டாயமாக்கினார்கள். மூன்று வருடம் கழித்து அங்குள்ள ராயல் சொசைட்டி, கற்பித்தல் பள்ளிக்குப் பள்ளி ஏறுமாறாக இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை என்று அறிக்கை எழுதியது.

இனி, படித்தவர்களும் போய் விழுகிற வாதம். கோடிங் நிரல் எழுத மட்டுமல்ல, சிந்திக்கவே கற்றுத்தரும் என்கிறார்கள். ஏதோ நேற்றுக் கண்டுபிடித்தது போல. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. நூறு அடி முன்னே போ, வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு என்றால், கோடு போட்டுக்கொண்டே போகும். நான்கு முறை சொன்னால் சதுரம். 1980இல் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலை எழுத, ஊர் ஊராகப் பள்ளிகள் ஆமையைப் பிடித்துக்கொண்டன. தொண்ணூறுகளில் நம் மெட்ரிக் பள்ளிகளுக்கும் அது வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில், ஒரு கணினிக்கு மூன்று பேராக உட்கார்ந்து சதுரம் போட்ட தலைமுறைக்கு இப்போது நாற்பது வயது. மற்றவர்களைவிட அவர்கள் தெளிவாகச் சிந்திக்கிறார்களா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் ஃபார்வர்டு செய்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கிண்டல் வேண்டாமென்றால் ஆய்வே இருக்கிறது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் எட்டு-ஒன்பது வயதில் ஒரு வகுப்பு, பதினொன்று-பன்னிரண்டு வயதில் ஒரு வகுப்பு என்று எடுத்துக்கொண்டு ஓராண்டு லோகோ பயிற்சியைப் பின்தொடர்ந்தார்கள். முடிவில் பிள்ளைகளிடம் வகுப்பறை வரைபடத்தைக் கொடுத்து, கரும்பலகையைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்க வழி போடச் சொன்னார்கள். நிரலெழுதும் மூளை ஜொலிக்க வேண்டிய இடம்தானே? லோகோ படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே மாதிரிதான் திட்டம் போட்டார்கள். 1984இல் இது வெளியானதும் பேப்பர்ட்டுக்குக் கோபம் வந்தது. கணினியை மட்டும் தனியாகப் பிரித்து மருந்தைச் சோதிப்பதுபோல் சோதிக்கக் கூடாது, அதைச் சுற்றியுள்ள சூழலும் பண்பாடும்தான் முக்கியம் என்று பதில் எழுதினார். சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். நல்ல சூழலும் நல்ல ஆசிரியரும் வாய்த்தால் பிள்ளை எதைக் கொண்டும் சிந்திக்கக் கற்கும். அப்படியானால் ஆமைக்கு எதற்குத் தனிக் கட்டணம்?

பழங்கதை என்று தள்ளுகிறவர்களுக்குப் புதுக்கதையும் உண்டு. பிரிட்டனில் 'கோட் கிளப்' மாலை வகுப்புகளுக்குப் போன ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை, போகாதவர்களோடு ஒப்பிட்டு 2017இல் முடிவை வெளியிட்டார்கள். போனவர்களுக்கு 'ஸ்கிராட்ச்' என்ற நிரல்மொழி நன்றாக வந்தது. கணினிவழிச் சிந்தனைத் தேர்வில் மட்டும் மற்றவர்களைத் தாண்டவில்லை. சிலம்பம் பழகினால் சிலம்பம் வரும், வேறென்ன வரும்? வேறு மாதிரிச் சொல்லும் ஆய்வுகளும் உண்டே என்று யாராவது எழுவார்கள். எழட்டும். அந்த ஆய்வின் பெயரைப் பேனரில் போடட்டும்.

ஒழுங்காக அடுக்கிச் சிந்திப்பதுதான் நோக்கமென்றால் நம் வாசலிலேயே வழி இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். என்ன செய்வது, கோலமாவுக்கு டேர்ம் ஃபீஸ் வாங்க முடியாது.

கடைசியில் வேலை. 'வைட்ஹேட் ஜூனியர்' ஞாபகம் இருக்கிறதா? 2018இல் தொடங்கி, 2020 ஆகஸ்டில் 30 கோடி டாலருக்கு பைஜூஸ் கைக்குப் போன நிறுவனம். அதன் விளம்பரங்களில் வுல்ஃப் குப்தா என்றொரு சிறுவன் கூகுளில் கோடிகளில் சம்பளம் வாங்கினான். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறும், சம்பளமும் மாறும். காரணம், அப்படியொரு சிறுவனே கிடையாது. விளம்பரத் தர நிர்ணய அமைப்பு தலையிட்ட பிறகு சில விளம்பரங்களை விலக்கினார்கள். பைஜூஸ் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே ஆண்டு என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் துபாயில், பிள்ளைகள் இனி கோடிங் கற்க வேண்டியதில்லை, கணினியே மனித மொழியைப் புரிந்துகொள்ளும் என்கிற அர்த்தத்தில் பேசினார். அவரும் சிப் விற்பவர்தான், வேதவாக்கு இல்லை. ஆனாலும் இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை வேலைக்குப் போகும் நாளில் எந்த மொழி உயிரோடு இருக்கும் என்று சத்தியம் செய்ய பேனர்க்காரருக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

நிஜமான கோடிங் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே ஓடுகிறது. சி.என்.சி. எந்திரத்தின் ஜி-கோடு அது. ஜி00 என்றால் வேகமாக நகரும், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போகும், எம்30 என்றால் புரோகிராம் முடிந்தது. ஐ.டி.ஐ. படித்த பையன் இதைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறான். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மாநில அரசு மேம்படுத்தியிருப்பதால், பழக எந்திரமும் இருக்கிறது. அவன் தடுக்கி விழுவது தசமத்தில். 0.02 மி.மீ.க்கும் 0.2 மி.மீ.க்கும் வித்தியாசம் பிடிபடாவிட்டால் ஜாப் ஸ்கிராப்தான். பின்னமும் தசமமும் தொடக்கப் பள்ளியில் ஊன்ற வேண்டியவை. அந்தப் பீரியடைத்தான் கோடிங்குக்குப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து தாராளமாகத் தொடங்கட்டும். ஸ்கிராட்ச் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு முன்பே வேண்டும் என்று கோடிங் 'கிட்'டையும் கட்டணத்தையும் நீட்டும் பள்ளிகளிடம் பெற்றோர் ஒன்று கேட்கலாம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. தனி ரசீதில் வாங்கும் கோடிங் பணம் அந்தக் குழு நிர்ணயித்த தொகைக்குள் வருகிறதா? வகுப்பெடுக்கும் மிஸ் பள்ளியின் ஆசிரியையா, கிட் விற்ற கம்பெனி அனுப்பிய ஆளா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.